தீவில் நின்ற வெள்ளைச் சேலைக்காரி

என் வீட்டுக்காரர் வெளியூர் போனால், அவர் திரும்பி வரும்வரை அடுப்பில் வைத்த பாலைக்கூட நான் நம்ப மாட்டேன். பொங்கி வழிந்தால் எங்கேயோ என்னவோ ஆகிவிட்டது என்று தோன்றும். பொங்காமல் திரிந்துபோனால் கேட்கவே வேண்டாம். பஸ் நேரத்துக்கு வரவில்லை என்றால், அது எந்த வளைவில் எந்தப் பள்ளத்தில் கிடக்கிறது என்பதுவரை என் மனசு போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடும். "உன்ற மனசுக்கு டிக்கெட் எடுக்கறதா இருந்தா என்ற தொழிலு கட்டாது, அம்மணி" என்று அவர் சிரிப்பார்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், இவள் பயந்தவள், இவள் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும் என்று கேட்கிறவர்கள் ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் நான் சொல்லப்போவது என் கண்ணில் மட்டும் தெரிந்ததில்லை. பக்கத்து வீட்டு அக்காவும் பார்த்தார். அவர் என்னைப் போலப் பயப்படுகிறவர் இல்லை.

கோயமுத்தூரில், மணிக்கூண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் எங்கள் ஸ்டூடியோ இருந்தது. முன்னறையில் படம் எடுப்பது, பின்னறையில் குடித்தனம், நடுவில் ஜன்னல் இல்லாத சின்ன அறை. அதுதான் இருட்டறை. படம் எடுப்பது அவர். கழுவுவதும் அச்சுப் போடுவதும் நான். பெரிய மனுஷி ஆனதும் ஆறாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். கிணத்துக்கடவில் பிறந்த வீட்டில் அதன் பிறகு நான் எதையும் படிக்கவில்லை. கல்யாணமாகி வந்துதான் நெகடிவைப் படிக்கக் கற்றுக்கொண்டேன்.

நெகடிவில் எல்லாமே மாறிக் கிடக்கும். வெள்ளை வேட்டி கரியாக இருக்கும். கறுப்புத் தலைமயிர் வெறும் கண்ணாடி மாதிரி வெளிச்சத்தை விடும். மாப்பிள்ளைக்கு வெள்ளைமுழி கறுத்து, கண்பாப்பா வெளுத்து, பார்க்கவே பேயாட்டம் இருக்கும். பழகப் பழக அந்தத் தலைகீழ் முகத்தைப் பார்த்தே ஆள் இன்னார் என்று சொல்லிவிடுவேன். அந்தக் காலத்தில் நாங்கள் வாங்கின பிலிமுக்கு இன்னொரு குணமும் உண்டு. அதற்குச் சிவப்பு தெரியாது. அதனால்தான் இருட்டறையில் சிவப்பு பல்பு போட்டுக்கொண்டு வேலை செய்ய முடிந்தது. சிவப்பு எதுவானாலும் படத்தில் கறுப்பாகத்தான் விழும். வெற்றிலை போட்ட உதடு கறுப்பு. குங்குமப் பொட்டு நல்ல கறுப்பு. ஒரு பெண்ணின் படம் தட்டில் எழும்பும்போது, முகம் வருவதற்கு முன்னாலேயே பொட்டு வந்துவிடும். அதை வைத்துத்தான் நெற்றி எது என்று கண்டுபிடிப்பேன்.

அறுபதுகளின் ஆரம்பத்தில், ஒரு மில் முதலாளி கடைக்கு வந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். காடு தோட்டத்திலிருந்து மில்லுக்கு வந்தவர்கள். மனுஷர் கப்பலேறி வெளிநாடெல்லாம் போய்விட்டு வந்திருந்தார். கையில் ஒரு பெரிய படம். கறுப்பு வெள்ளைதான். ஆனால் நாங்கள் எடுக்கிற கறுப்பு வெள்ளை இல்லை. வானம் கரிச்சட்டியாகக் கறுத்திருந்தது. அதற்கு முன்னால் தென்னை மரங்கள் வெள்ளையாய் ஜொலித்தன. மரத்தடியில் ஒரு பெண் நின்றிருந்தாள். ஏதோ கடலில் இருக்கிற தீவாம்.

"இதே மாதிரி ஒண்ணு வேணும். என்ற ஆபீஸ் செவுத்துல மாட்டறதுக்கு" என்றார் முதலாளி.

"தீவுக்கு நாம எங்கீங்க போறது? கடலே மலைக்கு அந்தப் பக்கமுங்களே" என்றார் வீட்டுக்காரர்.

"கார்ல போறப்பப் பாத்தேனப்பா. அணைக்குள்ள ஒண்ணு நிக்குது, தென்னமரத்தோட."

"அது மேடுங்க. தண்ணி தேங்கினதுல தீவாட்டந் தெரியுதுங்க."

"எல்லாத் தீவும் மேடுதானப்பா. தண்ணி வந்துதான் தீவாச்சு."

முதலாளி ஒரு சின்ன டப்பாவைத் திறந்தார். உள்ளே வட்டமாக ஒரு சிவப்புக் கண்ணாடி, ரத்தக்கட்டியைப் பாளம் போட்டு எடுத்தது போல. லென்ஸுக்கு முன்னால் அதை மாட்டினால் வானம் கறுத்துவிடுமாம். கூடவே, தகடு தகடாக வெட்டின வெளிநாட்டுக் கட் பிலிம் ஒரு பெட்டி. இந்தப் பிலிமுக்கு எல்லா நிறமும் தெரியும். சிவப்பு பல்புகூட ஆகாது, கும்மிருட்டில்தான் கழுவ வேண்டும் என்றார். கடைசியாக, "ஒரு பொம்பளையும் நிக்கோணும். அதுதான் அழகு" என்றார். திரைக்குப் பின்னால் நான் நிற்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் மரியாதைக்கு அந்தப் பக்கம் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நான் வரமாட்டேனுங்க" என்றேன் அன்று சாயங்காலம். "தண்ணி மேல நான் போனதே இல்லீங்க."

"தண்ணி மேல நீ எங்க போறே? பரிசலு போகுது, நீ அதுக்குள்ள உக்காந்திருப்பே."

"அந்த ஊரு அணைத் தண்ணியில முழுகின ஊருங்க."

"ஊருதான முழுகுச்சு, சனமெல்லாம் மேட்டுல ஊடு கட்டிக்கிட்டு நல்லாத்தான் இருக்காங்க. கூறைச்சேலையைக் கட்டிக்க, புள்ள. நல்ல சிவப்பு. கறுப்பா விழும். தண்ணி வெளுத்திருக்கும், அதுக்கு முன்னால எடுப்பா நிக்கும்."

அவர் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து சிவப்பு கறுப்பாகத்தான் விழுந்திருக்கிறது. அந்தப் பழக்கத்தில் சொன்னார். பிலிமும் புதிது, கண்ணாடியும் புதிது என்பதை அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

பொள்ளாச்சி பஸ் ஏறினோம். கிணத்துக்கடவைத் தாண்டும்போது பிறந்த வீட்டுத் தெரு ஜன்னலில் வந்து போயிற்று. யாராவது நிற்பார்கள், கையாட்டலாம் என்று பார்த்தேன். ஒரு கோழி மட்டும் நின்றது. அங்கிருந்து இன்னொரு பஸ், பிறகு ஒரு மாட்டு வண்டி.

அணைத் தண்ணீரைப் பார்த்ததும் கரையிலேயே நின்றுவிட்டேன். தண்ணீரில் அங்கங்கே தென்னை மரங்கள் நின்றன. உயிரோடு இல்லை. கொண்டை முறிந்து, மட்டை உதிர்ந்து, வெறும் தண்டாக, சாம்பல் நிறத்தில். சிலதுக்குக் கழுத்து மட்டும் வெளியே தெரிந்தது. அவற்றுக்கு நடுவில்தான் அந்தத் தீவு. அங்கே மட்டும் மரங்கள் பச்சையாக, தலை நிறையக் காயோடு நின்றன.

பரிசல்காரர் நடுத்தர வயசுக்காரர். முழுகின ஊர்தான் அவருக்கும் சொந்த ஊர். துடுப்பைப் போட்டுக்கொண்டே, "இப்ப நாம என்ற ஊட்டு மேல போய்க்கிட்டிருக்கறமுங்க" என்றார். "ஊட்டுக்குப் பின்னால, பொடக்காளிக் கதவு நேர் கீழ இருக்குது."

நான் பரிசலின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"பயப்படாதீங்க அம்மணி, கதவைச் சாத்திப்போட்டுத்தான் வந்தேன்" என்றார். "கூரை ஒழுகுதுன்னு என்ற ஊட்டுக்காரி தெனமும் சண்டை கட்டுவா. இப்ப அந்தச் சண்டை இல்லீங்க."

வீட்டுக்காரர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். கீழே குனிந்து பார்க்கவில்லை.

தீவில் இறங்கினதும் முதலில் எனக்கு உறைத்தது சத்தமில்லாமைதான். தென்னந்தோப்பில் காக்கை இருக்கும், அணில் இருக்கும், ஓலை உரசுகிற சத்தமாவது இருக்கும். அங்கே ஒன்றும் இல்லை. பறிக்க ஆளில்லாமல் விழுந்த தேங்காய்கள் குவியல் குவியலாக முளைவிட்டுக் கிடந்தன. மேட்டின் நடுவில் கன்னிமார் கற்கள் ஏழும் வரிசையாக நின்றன. பூசின மஞ்சள் வெளுத்து, ஓரங்களில் மட்டும் ஒட்டியிருந்தது.

பரிசல்காரர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்தார். "பிடிமண் எடுத்துட்டுப் போய்ப் புது ஊர்ல கோயில் கட்டிப்போட்டமுங்க. சாமி இப்ப அங்கதான். இது வெறுங் கல்லுங்க."

"அப்பறம் ஏனுங்க செருப்பைக் கழட்டுனீங்க?" என்று கேட்டேன்.

அவர் கல்லைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார். "அது சரிங்க" என்று மட்டும் சொன்னார்.

கற்களுக்குப் பின்னால் ஒரு கிணறு. அணைத் தண்ணீர் எவ்வளவு உயரமோ, கிணற்றிலும் அவ்வளவு உயரம். வெளியே அலை கரையைத் தொட்டுப் போவதற்கு ஏற்ப, கிணற்றுத் தண்ணீரும் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கிற்று. தூங்குகிற ஆளின் நெஞ்சைப் பார்ப்பது போல இருந்தது. அதற்கு முதுகைக் காட்டித்தான் நான் நிற்க வேண்டும் என்று வீட்டுக்காரர் இடம் பார்த்து வைத்திருந்தார்.

நின்றேன். அவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். சிவப்புக் கண்ணாடி போட்டால் வெளிச்சம் குறைந்துவிடும், அதனால் வழக்கத்தைவிட அதிக நேரம் அசையாமல் நிற்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். எனக்குப் பின்னால் தண்ணீர் ஏறி இறங்குவது கேட்டது. கேட்டதோ, கேட்பதாக நினைத்தேனோ. அவர் துணியை விலக்கித் தலையை வெளியே நீட்டினார். என்னைப் பார்த்தார். மறுபடி உள்ளே போனார். மறுபடி வெளியே வந்தார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல."

"சொல்லுங்க."

"அந்தக் கண்ணாடி வழியாப் பாத்தா வேற யாரோ நிக்கறாப்பல இருக்குது. வெளிய வந்து பாத்தா நீதான். சரி, அசையாத நில்லு."

அசையாமல் நின்றேன். வேறு என்ன செய்வது? அந்தத் தீவில் அசைவதற்கு எனக்குத் தைரியமே இல்லை.

பொழுதோடு வீடு வந்து சேர்ந்தோம். பக்கத்து வீட்டு அக்கா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் கிறிஸ்தவர். மாதா கோயில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் துணி தைத்துக் கொடுப்பார். புருஷன் போய்ப் பல வருஷமாகிவிட்டது. "கல்யாணப் பொண்ணாட்டம் போயிட்டு வந்திருக்கே" என்று என் கன்னத்தைத் தட்டினார்.

மறுநாள் காலையில் வீட்டுக்காரர் மறுபடியும் கிளம்பினார். முதல் நாள் வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. முதலாளிக்கு மேகம் வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கமிருந்து காற்று கிளம்பியிருந்தது. மழைக்கு முன்னால் வருகிற காற்று.

"காத்து அடிக்குதுங்களே. நாளைக்குப் போனா ஆகாதுங்களா?"

"காத்து இருந்தாத்தான மேகம் வரும்? நேத்து எடுத்ததைக் கழுவி வை. பொழுதோட வாரேன்."

கேமராப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். நான் வீட்டு வேலையை முடித்துவிட்டு இருட்டறைக்குள் போனேன்.

சிவப்பு பல்பு இல்லாமல் அந்த அறையில் நான் வேலை செய்தது அதுதான் முதல் தடவை. கதவிடுக்கில் போர்வையைத் திணித்தேன். கண்ணைத் திறந்தாலும் ஒன்றுதான், மூடினாலும் ஒன்றுதான். தட்டில் மருந்தை ஊற்றி, பிலிமை விரல் நுனியால் பிடித்து ஆட்டினேன். பின்னறைக் கடிகாரத்தின் சத்தத்தைத்தான் கணக்கு வைத்துக்கொண்டேன். மருந்து தட்டின் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கிற்று. ஆட்டுகிறது என் கைதான் என்று தெரியும். இருந்தாலும் ஒரு கட்டத்தில் கையை நிறுத்திப் பார்த்தேன். அதன் பிறகும் கொஞ்ச நேரம் அது ஆடிக்கொண்டிருந்தது.

படம் நிலைத்த பிறகு விளக்கைப் போட்டேன். நெகடிவைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். வானம் கண்ணாடியாக இருந்தது; அப்படியென்றால் அச்சில் கறுப்பாக வரும். முதலாளி கேட்டது அதுதான். தண்ணீரும் அப்படித்தான். நடுவில் நான். என் சேலை கரியாக இருந்தது.

சிவப்புச் சேலை நெகடிவில் வெறும் கண்ணாடியாகத் தெரிய வேண்டும். கரியாகத் தெரிவது வெள்ளைச் சேலை மட்டும்தான். வெள்ளைச் சேலை கட்டினவர்களின் படங்களை நான் எத்தனையோ தடவை கழுவியிருக்கிறேன். அவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கம் புருஷன் போன பிறகு கட்டுகிற சேலை அது.

ஈரம் உலரும்வரை அந்த அறையில் நிற்க முடியாமல் வெளியே வந்து நின்றேன். வீதியில் ஓலைத்துண்டும் காகிதமும் பறந்தன. பயந்த பயத்தில் தப்பாகப் பார்த்துவிட்டேன், புது மருந்தின் குணம் அப்படி, என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அச்சுப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். காகிதத்துக்குச் சிவப்பு பல்பு ஆகும். போட்டேன். அந்தச் சிவப்பு வெளிச்சம் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது, காகிதத்தைத் தட்டில் விடும்வரை.

முதலில் வானம் எழுந்தது. கறுகறுவென்று. பிறகு செத்த தென்னைகள், எலும்பு எலும்பாக, வெள்ளையாக. அப்புறம் கன்னிமார் கற்கள். நான் வழக்கம்போலப் பொட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். பொட்டு வரவில்லை. அதற்குப் பதிலாகக் கண்கள் வந்தன. மூக்கு, வாய் வந்தது. நெற்றி வெறுமனே இருந்தது. உதட்டில் நிறமே இல்லை. காலிலிருந்து தலைவரை வெள்ளைச் சேலை. தாலிக்கயிறு அந்த வெள்ளைக்குள் எங்கேயோ போய்விட்டது. கறுத்த தண்ணீருக்கு முன்னால், தாலியறுத்த ஒருத்தி, என் முகத்தை வைத்துக்கொண்டு, என்னையே பார்த்தாள்.

அவர் அந்த நேரம் தண்ணீர் மேல் இருந்தார்.

முன்னறைக் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. அக்கா. காற்றில் எங்கள் தகரம் ஒன்று தூக்கிக்கொண்டதாம், சொல்ல வந்தார். என் கையில் ஈரம் சொட்டச் சொட்டப் படம். அவர் எட்டிப் பார்த்தார்.

"யாரு கண்ணு இது? அய்யோ பாவம், சின்ன வயசா இருக்குதே. எந்த ஊர்ப் பொண்ணு?"

நான் படத்தை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நீட்டினேன்.

"உங்க சொந்தமா? உன்ற சாடை அடிக்குது."

"நானுங்க்கா."

அவர் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். படத்தை வாங்கி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டதை நான் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பார்.

"சிவப்புச் சேலைதான கட்டிட்டுப் போனே?"

"ஆமாங்க்கா."

"பொட்டு அழிஞ்சிருக்கும். வேர்வையில."

"வந்தப்பறமும் நெத்தியில இருந்துச்சுங்க்கா. நீங்கதான் தண்ணி குடுத்தீங்க. நீங்க பாக்கலீங்களா?"

அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷி. "இருந்துச்சு" என்றார் மெதுவாக. உடனே குரலை மாற்றிக்கொண்டு, "கெடக்குது போ. போட்டோவுக்கு என்னடி தெரியும்? என்ற தங்கச்சி கல்யாணத்துல எடுத்த படத்துல எனக்குத் தலையே இல்ல. நான் செத்தா போயிட்டேன்?" என்றார்.

"அது ஓரத்துல வெட்டுப்பட்டதுங்க்கா. இது அப்படியில்லீங்க."

"அப்பக் கிழிச்சுப்போடு. அந்தக் கறுப்புத் தகட்டையும் வெட்டி அடுப்புல போடு. இல்லாததை எவன் பாக்கப்போறான்?"

அதுதான் என்னால் முடியவில்லை. அக்காவுக்கு எப்படிச் சொல்வது? அதில் நிற்பது நான். அதைப் பார்த்துக்கொண்டு கேமராவுக்குப் பின்னால் நின்றது என் வீட்டுக்காரர். அவர் தண்ணீர் மேல் இருக்கிற நேரத்தில் நான் அதை வெட்டினால், எதை வெட்டினேன் என்று யார் எனக்குச் சொல்வார்கள்? யோசிக்க யோசிக்க, கிழிப்பதுதான் பெரிய ஆபத்து என்று பட்டது. தப்பாக வந்திருக்கிறதை இல்லாமல் செய்யக்கூடாது, சரி செய்ய வேண்டும்.

"பொள்ளாச்சி பஸ் எப்பங்க்கா?"

"இரு, கேட்டுட்டு வாரேன்" என்று முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு போனார்.

அக்கா திரும்பி வந்தபோது முகத்தில் மண் அப்பியிருந்தது. கிணத்துக்கடவுக்கு அந்தப் பக்கம் ரோட்டில் புளியமரம் சாய்ந்து கிடக்கிறதாம். பஸ் போகவும் இல்லை, வரவும் இல்லை. "அவரு அந்தப் பக்கம் எங்கியாச்சும் பத்திரமா இருப்பாரு. காத்தடிச்சா எவனாச்சும் பரிசலு உடுவானா? நீ ரண்டு வாய் சாப்புடு" என்றார். எனக்குச் சோறு இறங்காது என்று அவருக்கே தெரியும். கொஞ்ச நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய ஜெபத்தை உதட்டுக்குள் சொன்னார். பிறகு தகரத்தைக் கட்டுவதற்குக் கயிறு தேடிப் போய்விட்டார்.

நான் நெகடிவை எடுத்தேன்.

படங்களில் அம்மைத் தழும்பை மறைக்கிறது, கண்ணுக்கு மை கூட்டுகிறது எல்லாம் நெகடிவில்தான் செய்வோம். ஜன்னலோரம் ஒரு சாய்வுப் பலகை, நடுவில் கண்ணாடி, அதன் மேல் நெகடிவு. கீழிருந்து வெளிச்சம் வரும். வெளுப்பு வேண்டிய இடத்தில் பென்சிலால் தீட்டுவோம். கறுப்பு வேண்டுமென்றால் சின்னக் கத்தியால் அந்த இடத்து மருந்தைச் சுரண்டி எடுக்க வேண்டும். சுரண்டின இடத்தில் வெளிச்சம் பாயும். அச்சில் அது கறுப்பாக விழும். பென்சில் தப்பினால் துடைத்துவிடலாம். கத்தி தப்பினால் தப்பினதுதான். அதனால் கத்தி வேலையை எப்போதும் வீட்டுக்காரர்தான் செய்வார். எனக்கு அவர் கொடுத்ததில்லை. "உன்ற கை நடுங்கும்" என்பார். உண்மைதான், நடுங்கும்.

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். நெகடிவில் என் முகம் கறுத்து, கண்கள் வெளுத்து இருந்தன. நெற்றி ஒரு கடுகு அகலம். அதில் பொட்டு எங்கே வர வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? கண்ணாடி பார்க்காமலே வைத்துக்கொள்கிறவள் நான். ஆனால் இது தலைகீழ் நெற்றி. கறுப்பாக வைக்க வேண்டிய பொட்டை வெளிச்சத்தால் வைக்க வேண்டும்.

கத்தியை வைத்தேன், எடுத்தேன். காற்று ஜன்னல் கதவைப் பிடித்து உலுக்கிற்று. மேகம் மூடினபோது பலகையில் வெளிச்சம் செத்து, முகமே தெரியாமல் போயிற்று. மறுபடி வெளுக்கும்வரை கத்தி நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் நான் எந்தச் சாமியையும் கும்பிடவில்லை. அந்தக் கன்னிமார் கற்கள்தான் ஞாபகம் வந்தன. அவை நெகடிவில் என் தோளுக்குப் பக்கத்திலேயே வரிசையாக நின்றுகொண்டிருந்தன. கிணறும் அங்கேதான் இருந்தது. கிணற்று வாய் மட்டும் மசமசவென்று, அசைந்த மாதிரி விழுந்திருந்தது. அதைப் பார்க்காமல் நெற்றியை மட்டும் பார்த்தேன்.

வெளிச்சம் வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்தியை வைத்தேன். அழுத்தவில்லை. துளித் துளியாக, தோல் உரிப்பது போலச் சுரண்டினேன். முதலில் சாம்பலாயிற்று. பிறகு இன்னும் வெளுத்தது. திடீரென்று கீழிருந்து ஒரு ஊசிமுனை வெளிச்சம் என் நெற்றி வழியாகக் கண்ணில் குத்தியது.

கத்தியைக் கீழே வைத்தேன். அதற்கப்புறம்தான் கை நடுங்க ஆரம்பித்தது. நடுங்கினது நிற்கவே இல்லை. அந்தக் கையோடுதான் இன்னொரு காகிதம் அச்சுப் போட்டேன். தட்டில் மற்றதெல்லாம் எழும்புவதற்கு முன்னால், வெறும் வெள்ளைக் காகிதத்தில், ஒரு கறுப்புப் புள்ளி வந்து நின்றது.

சேலையை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அது பெரிய இடம், சுரண்டினால் கந்தலாகிவிடும். வெள்ளைச் சேலையில் பொட்டோடு நின்றாள். அப்படி ஒருத்தியை நான் எங்கேயும் பார்த்ததில்லை. சுமங்கலி என்றும் சொல்ல முடியாது, மற்றது என்றும் சொல்ல முடியாது.

விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலில் லாரி நின்றது. சாய்ந்த மரத்தை வெட்டி ஒதுக்கினதும் முதலில் வந்த மில் லாரி. அவர் இறங்கினார். கேமரா இல்லை, பெட்டி இல்லை, கால் ஸ்டாண்டும் இல்லை. வேட்டி சேறாகிக் காய்ந்து அட்டையாட்டம் இருந்தது. முழங்கை இரண்டும் தோலுரிந்திருந்தன. நான் கத்தவும் இல்லை, அழவும் இல்லை. சூடு தண்ணீர் வைத்தேன்.

அக்கா ஓடி வந்தார். "ஏனப்பா, காத்துல ஆராச்சும் பரிசலு ஏறுவாங்களா? ஊட்டுல ஒருத்தி உசுரைக் கையில புடிச்சுட்டு உக்காந்திருக்கறா!"

"போறப்பக் காத்து இல்லீங்க்கா. திரும்பறப்பத்தான் சுத்தி அடிச்சுது. தட்டைக் கவுக்கறாப்பலக் கவுத்துப்போட்டுது. அந்தப் பரிசக்காரரு என்ற தலைமயிரைப் புடிச்சு இழுத்துட்டுப் போயி ஒரு செத்த தென்ன மேல போட்டாரு. ரண்டு பேரும் அதைக் கட்டிப் புடிச்சுட்டுக் கெடந்தமுங்க." தன் முழங்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கை உட்டுப்போச்சு ஒரு தடவை. அவ்வளவுதான்னு நெனச்சேன். அப்பறம் எப்படியோ மறுபடி மரம் கையில கெடச்சுது."

"பரிசக்காரரு?" என்றேன்.

"நல்லாருக்காரு. என்ற ஊட்டு மேலயே என்னைக் கவுத்துப்போட்டுதேன்னு சிரிக்கறாரு."

அக்கா போன பிறகு அவர் குளித்துச் சாப்பிட்டார். போன கேமராவைப் பற்றிப் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நேத்து எடுத்தது எப்படி வந்துச்சு?" என்று கேட்டார். தொழில்காரர், கேட்காமல் இருக்க மாட்டார். பொட்டு வைத்த படத்தைக் கொண்டுவந்து கொடுத்தேன். முதலில் போட்டதை, அவர் வந்து சேர்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு, கரைத்துச் சாக்கடையில் விட்டிருந்தேன்.

விளக்கடியில் வைத்துப் பார்த்தார். "வானம் கறுத்திருக்குது பாரு! இதுதான் அவரு கேட்டது." பிறகு நெற்றியைச் சுருக்கினார். "சேலை ஏன் வெளுத்துப்போச்சு?" வாய்க்குள்ளேயே ஏதோ கணக்குப் போட்டார். "ஓ. அந்தச் சிவப்புக் கண்ணாடி. சிவப்பு வெளிச்சம் பூராவையும் அதுதான் உள்ள உடுது. அப்பச் சிவப்பெல்லாம் வெளுத்துத்தான போகும். நாந்தான் யோசிக்காத போயிட்டேன். பயந்துட்டியா புள்ள? ஒண்ணுமில்ல, கண்ணாடி பண்ணுன வேலை."

"சரிங்க" என்றேன்.

படத்தைத் திருப்பி என்னிடம் நீட்டினவர், நீட்டின கையை அப்படியே வைத்துக்கொண்டார். மறுபடி விளக்குக்குக் கொண்டுபோனார்.

"அப்பறம் பொட்டு எப்படிக் கறுப்பா விழுந்துச்சு?"

அவரே எழுந்து போய் நெகடிவை எடுத்து வந்தார். விளக்குக்கு நேராகப் பிடித்தார். அதன் நெற்றியிலிருந்து ஒரு பொட்டு வெளிச்சம் அவர் கன்னத்தில் விழுந்தது. அவர் அதை ரொம்ப நேரம் பார்த்தார். முதல் தடவையாகக் கத்தியைப் பிடித்தவள், பிசிறில்லாமல் வட்டமாக எடுத்திருக்கிறாள் என்று தொழில்காரருக்குத் தெரிந்திருக்கும். வேறு ஏதோகூடத் தெரிந்திருக்கும்.

"எப்பச் செஞ்சே இதை?" என்று கேட்டார்.

"நீங்க வர்றதுக்கு முன்னாலீங்க."

"முன்னாலன்னா, எப்ப?"

எப்போது என்று எனக்குத் தெரியும். பின்னறைக் கடிகாரம் அடித்ததைக் கேட்டுக்கொண்டேதான் கத்தியைக் கீழே வைத்தேன். அவர் கை மரத்தை விட்டது எப்போது, மறுபடி மரம் கிடைத்தது எப்போது என்று நான் ஒரு வார்த்தை கேட்டால் போதும். இரண்டு நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம். ஒன்றாக இருந்தால் அதை வைத்துக்கொண்டு நான் எப்படி வாழ்வது? இல்லையென்றால், அந்தத் தண்ணீர் எதற்காக அவரைத் திருப்பிக் கொடுத்தது என்று நினைத்துக்கொண்டு எப்படி வாழ்வது?

"கவனிக்கலீங்க" என்றேன்.

அவர் தலையாட்டினார். நெகடிவைக் காகித உறையில் போட்டு, பெட்டிக்குள் வைத்தார். அதன் பிறகு அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. முதலாளிக்கு அந்தப் படம் ரொம்பப் பிடித்துப்போய் ஆளுயரத்துக்குப் பெரிதாக்கச் சொன்னார். இருட்டறையில் அதை அச்சுப் போட்டவளும் நான்தான். அவ்வளவு பெரிய காகிதத்தில் முதலில் எழுந்தது அந்தப் பொட்டுதான். அது எழும்பும்வரை நான் தட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எழுந்த பிறகு, மற்றது வருகிறவரை திரும்பி நின்றுகொண்டேன்.